ஐந்து வோல்ட் என்பது எத்தனை வோல்ட்?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

போன மாதம் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். எட்டாம் வகுப்பு. அவள் பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருக்கிறது. அங்கே கற்றுக்கொண்டதை வீட்டில் செய்து பார்க்க ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டு, எல்எம்35 என்ற வெப்ப சென்சார், இரண்டு வரி எல்சிடி திரை எல்லாம் எடுத்து வந்திருந்தாள். கூடத்து மேசையில் பரப்பி, லேப்டாப்பில் புரோகிராம் எழுதி ஏற்றினாள். திரையில் 33.2 டிகிரி என்று வந்தது. சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்தேன். 31.

"சுவத்துல இருக்கறது பழசு தாத்தா, அதான் தப்பா காட்டுது" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. டிஜிட்டல் எண் பொய் சொல்லாது என்று நமக்கு ஒரு நம்பிக்கை. ஆனால் அவளே லேப்டாப் வயரைக் கழற்றிவிட்டு, சுவர் பிளக்கில் அடாப்டரைச் செருகினாள். அதே போர்டு, அதே சென்சார், அதே புரோகிராம், அதே மேசை. இப்போது 30.8. மறுபடி லேப்டாப்பில் செருகினால் 33.2. லேப்டாப்பில் செருகினால் வீட்டில் வெயில் ஏறுமா? இருவரும் விழித்தோம்.

நான் பொறியாளர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, இடைநிலை ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் அளவுகள் பாடம் ஆண்டுக்கணக்கில் நடத்தியவன். ஆகவே இந்த 2.4 டிகிரி என்னைத் தூங்கவிடவில்லை. நாலைந்து நாள் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அது இருநூறு வருடக் கதையாக விரிந்தது. அதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த போர்டு என்ன செய்கிறது என்று இரண்டே வரியில். எல்எம்35 சென்சார் ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் வீதம் மின்னழுத்தம் தரும். 31 டிகிரி என்றால் 310 மில்லிவோல்ட். ஆனால் போர்டில் உள்ள சிப்புக்கு வோல்ட் என்றால் என்னவென்று தெரியாது. அது 0 முதல் 1023 வரை ஓர் எண்ணை மட்டும் தரும். அந்த எண்ணை வோல்ட்டாக மாற்றுவது நாம் எழுதும் கணக்கு. என் பேத்தி எழுதியது: வந்த எண்ணை 5.0 ஆல் பெருக்கி 1024 ஆல் வகு. அவ்வளவுதான். இந்தக் கணக்கில் எங்கே ஓட்டை என்று பார்க்க, வோல்ட் என்ற சொல்லே இல்லாத காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இத்தாலியில் அலெசாண்ட்ரோ வோல்டா இரண்டு வேறு வேறு உலோகத் துண்டுகளை நாக்கில் வைத்து, அவற்றை ஒன்றோடொன்று தொடவைத்தால் ஒரு சுள்ளென்ற சுவை வருவதை 1790களில் ஆராய்ந்தார். எந்த ஜோடி உலோகம் அதிகம் சுள்ளென்கிறது என்று ஒப்பிட நாக்கே அவருக்கு ஒரு கருவி! 1800 மார்ச் மாதம் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அவர் எழுதிய கடிதத்தில்தான் உலகின் முதல் மின்கல அடுக்கு பற்றிய செய்தி இருந்தது. துத்தநாகத் தகடு, வெள்ளித் தகடு, நடுவில் உப்புநீரில் நனைத்த அட்டை. இப்படி அடுக்கிக்கொண்டே போனால் மின்சாரம் கூடும். எவ்வளவு கூடும்? "இந்த அடுக்கு அந்த அடுக்கைப் போல இரண்டு மடங்கு" என்றுதான் சொல்ல முடியும். அலகு கிடையாது.

அதாவது தொடக்கத்திலேயே மின்னழுத்தம் என்பது ஒப்பிட்டுச் சொல்லும் சங்கதி. இதை நினைவில் வையுங்கள்.

1841ல் ஜெர்மனியில் பொகெண்டார்ஃப் என்ற இயற்பியலாளர் ஓர் அழகான முறையைக் கொண்டுவந்தார். அளக்க வேண்டிய மின்கலத்துக்கு எதிராக, நாம் கட்டுப்படுத்தக்கூடிய இன்னொரு மின்னழுத்தத்தை நிறுத்துவது. இரண்டும் சமமானால் நடுவில் மின்னோட்டம் ஓடாது. தராசு முள் நடுவில் நிற்பது போல. மின்கலத்திலிருந்து துளி மின்சாரமும் எடுக்காமல் அதை அளந்துவிடலாம்.

பிளஸ் டூ அறிவியல் படித்தவர்களுக்கு இது ஞாபகம் வரும். பத்து மீட்டர் கம்பி, மரப்பலகை, கால்வனாமீட்டர், கையில் ஜாக்கி. முள் அசையாத இடத்தைத் தேடி கம்பியில் தொட்டுத் தொட்டுப் போவோம். நான் அதைச் செய்தது 1980ல். அந்தச் சோதனையின் தலைப்பே "இரு மின்கலங்களின் மின்னியக்கு விசைகளை ஒப்பிடுதல்". லெக்லாஞ்சி கலத்துக்கும் டேனியல் கலத்துக்கும் விகிதம்தான் விடை. ஏன் நேராக வோல்ட்டில் கேட்கவில்லை என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. மார்க் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போதுதான் புரிகிறது. கம்பியின் நீளம் விகிதத்தைத்தான் தரும். வோல்ட் வேண்டுமென்றால், ஒரு மின்கலத்தின் மதிப்பை யாராவது நமக்கு முன்கூட்டியே உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த "யாராவது" யார் என்பதற்காகத்தான் அடுத்த ஐம்பது அறுபது வருடம் விஞ்ஞானிகள் பாடுபட்டார்கள். கடலடித் தந்திக் கம்பிகள் போட ஆரம்பித்த காலம் அது. ஒரு நாட்டின் அளவு இன்னொரு நாட்டுக்குப் பொருந்தாவிட்டால் வேலை நடக்காது. 1870களில் இங்கிலாந்தில் லாட்டிமர் கிளார்க் ஒரு நியம மின்கலம் செய்தார். ஆனால் வெப்பநிலை மாறினால் அதன் மதிப்பும் கணிசமாக மாறியது. 1881ல் பாரிஸில் கூடிய சர்வதேச மின்னியல் மாநாடுதான் வோல்ட், ஓம், ஆம்பியர் ஆகியவற்றை உலகப் பொது அலகுகளாக ஏற்றது. நாக்கில் சுவைத்துப் பார்த்தவரின் பெயர் அலகாக நின்றது. 1893ல் எட்வர்ட் வெஸ்டன் காட்மியமும் பாதரசமும் கொண்டு செய்த மின்கலம் வந்தது. 20 டிகிரியில் சுமார் 1.0183 வோல்ட். வெப்பம் மாறினாலும் அதிகம் ஆடாது. 1911ல் அது சர்வதேச நியமம் ஆனது. உலகத்தில் உள்ள வோல்ட்மீட்டர்கள் எல்லாம், பாட்டன் பூட்டன் வழியாகப் போனால், கண்ணாடிக் குழாயில் அடைத்த அப்படி ஒரு மின்கலத்தில் போய் நிற்கும்.

வோல்ட்டுக்கு ஒரு படிக்கல் கிடைத்துவிட்டது. அடுத்து, முள் காட்டுவதை எண்ணாக்குவது எப்படி?

இதற்கான யுக்தி மின்சாரத்தைவிடப் பழையது. இத்தாலியக் கணித அறிஞர் டார்டாலியா 1556ல் எடைக்கற்கள் பற்றி ஒரு கணக்கைப் பேசுகிறார். 1, 2, 4, 8, 16, 32 என்று ஒவ்வொன்றும் முந்தியதற்கு இரட்டிப்பாக ஆறே கற்கள் இருந்தால், 63 வரை எந்த முழு எடையையும் நிறுத்துவிடலாம்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது புதிது அல்ல. ஒரு படி, அதில் பாதி உரி, அதில் பாதி உழக்கு, அதில் பாதி ஆழாக்கு. பாதி பாதியாகவே போகும். குவித்து வைத்த அரிசியை அளக்க வேண்டுமா? முதலில் பெரிய அளவை நிரம்புமா பார். நிரம்பினால் அதைக் கணக்கில் வை, மிச்சத்தை அடுத்த சின்ன அளவையில் பார். நிரம்பாவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ.

ஊனோவில் உள்ள ஏடிமெகா 328பி சிப் செய்வதும் இதுவேதான்! அதில் பத்து "அளவைகள்". கையில் 5 வோல்ட் இருந்தால் முதல் அளவை 2.5 வோல்ட். அடுத்தது 1.25. அடுத்தது 0.625. இப்படிப் பாதி பாதியாகப் பத்தாவது வரை. கடைசி அளவை சுமார் 0.0049 வோல்ட். உதாரணத்துக்கு, அறை 25 டிகிரி என்றால் சென்சார் 0.25 வோல்ட் தரும். 2.5? இல்லை. 1.25? இல்லை. 0.625? இல்லை. 0.3125? இல்லை. 0.156? ஆம். மிச்சத்துக்கு 0.078? ஆம். பிறகு இல்லை, இல்லை, ஆம், ஆம். ஆம் வந்த இடத்தில் 1, இல்லை வந்த இடத்தில் 0 போட்டால் 0000110011. நம் எண்ணில் 51. இதுதான் சிப் தரும் எண். இந்தப் பத்து ஒப்பீட்டையும் அது ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடித்துவிடுகிறது.

இந்த நிலைக்கு வர நடந்த பாடு சாதாரணமானது அல்ல.

அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1937ல் பாரிஸில் ஒரு தொலைபேசி ஆய்வகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். நீண்ட தூர தொலைபேசியில் குரல் தேய்ந்துபோகும். வழியில் ஆம்ப்ளிஃபயர் வைத்துக் கூட்டினால் குரலோடு இரைச்சலும் கூடும். அதற்கு அவர் கண்ட வழி: குரலை அப்படியே அனுப்பாதே, அதன் அளவை நொடிக்குப் பல்லாயிரம் முறை எண்ணாக்கி, அந்த எண்களை அனுப்பு. எண்ணில் இரைச்சல் ஒட்டாது. அற்புதமான யோசனை. ஆனால் அன்று கையில் இருந்தது வெற்றிடக் குழாய்கள், அதாவது நம் பழைய ரேடியோவில் செம்மஞ்சளாக எரியுமே, அந்த வால்வுகள். அவற்றைக் கொண்டு செய்தால் கட்டுப்படியாகாது. அவருடைய முறை சாதாரண மக்களின் தொலைபேசிக்கு வர 1962 ஆனது. டிரான்சிஸ்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பணம் பொருட்டே இல்லாத ஓர் இடத்தில் மட்டும் அது முன்பே வந்தது. போர். ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் ரகசியமாகப் பேச, பெல் ஆய்வகம் 1943ல் சிக்சாலி என்ற இயந்திரத்தைக் கட்டியது. குரலை எண்ணாக்கி, ரகசியக் குறியீடு கலந்து அனுப்பும். ஒரு முனைக்கான இயந்திரத்தின் எடை மட்டும் சுமார் 50 டன்.

1954ல் பெர்னார்ட் கார்டன் என்ற அமெரிக்கர் டாட்ராக் என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நான் மேலே சொன்ன படி, உரி, உழக்கு முறையில் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் கருவி. 11 அளவைகள், நொடிக்கு 50,000 முறை. எடை சுமார் 68 கிலோ. 500 வாட் மின்சாரம் தின்னும். விலை 8,500 டாலர். ஏறக்குறைய அதே காலத்தில் கலிபோர்னியாவில் ஆண்ட்ரூ கே என்பவர் டிஜிட்டல் வோல்ட்மீட்டரை உருவாக்கினார். முள்ளே கிடையாது, நேராக எண் எரியும். உள்ளே ரிலே சுவிட்சுகள் ஒவ்வொன்றாக மாறி மாறி, தெரிந்த மின்னழுத்தத்தைத் தெரியாததோடு ஒப்பிட்டுச் சமன் செய்யும். பிளஸ் டூ ஆய்வகத்தில் நாம் ஜாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு செய்ததை அந்த சுவிட்சுகள் தாமாகச் செய்தன. அவ்வளவுதான் வித்தியாசம்.

கவனியுங்கள். ஆட்கள் மாறினார்கள், கருவிகள் மாறின. 50 டன், 68 கிலோ, கடைசியில் விரல் நீள சிப் என்று இளைத்துக்கொண்டே வந்தது. ஆனால் உள்ளே நடப்பது பொகெண்டார்ஃப் செய்த அதே ஒப்பிடல்தான்.

2005ல் இத்தாலியின் இவ்ரியா ஊரில் ஒரு வடிவமைப்புக் கல்லூரியின் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து ஆர்டுயினோவை உருவாக்கினார்கள். மின்னணுவியல் படிக்காத மாணவர்களும் மலிவாக வாங்கிப் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். ஊரில் அவர்கள் கூடும் மதுக்கடையின் பெயர் ஆர்டுயினோ மன்னர் பெயரில் இருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அந்த மன்னர் பெயர் இப்போது நம் ஊர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாயில். வோல்டாவும் டார்டாலியாவும் இத்தாலியர், இந்த போர்டும் அங்கிருந்தே வந்திருக்கிறது.

இனி 33.2க்கு வருவோம்.

பேத்தி எழுதிய கணக்கில் "5.0" என்று ஒன்று இருக்கிறதல்லவா? முதலில் அவள் வெறும் 5 என்றுதான் எழுதி, 1024 ஆல் அதை முன்கூட்டியே வகுத்து வைத்திருந்தாள். திரையில் எப்போதும் 0. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் அந்த மொழி மீதியைத் தூக்கிப் போட்டுவிடும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்து 5.0 ஆக்கினாள். அந்தத் தப்பு உடனே தெரிந்துவிட்டது. அடுத்த தப்புதான் ஒளிந்துகொண்டிருந்தது.

அந்த 5.0 யார் சொன்னது? போர்டின் மேலே 5 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் தம்பியிடம் மல்டிமீட்டர் கடன் வாங்கி, அந்த முனையை அளந்தோம். அடாப்டரில் இருக்கும்போது 5.00. லேப்டாப்பில் இருக்கும்போது 4.65!

காரணம் எளிது. லேப்டாப் யுஎஸ்பி வழியாக வரும் மின்சாரம் வயரிலும் வழியிலும் கொஞ்சம் இறங்கி, எல்சிடி விளக்குக்கும் பங்கு கொடுத்துவிட்டு வருகிறது. சிப் வேறு ஏற்பாடு சொல்லாவிட்டால் தனக்கு வரும் அந்த மின்னழுத்தத்தையே படியாக வைத்து அளக்கிறது. சென்சார் தந்த 310 மில்லிவோல்ட்டை 4.65 வோல்ட் படியால் அளந்தது. படி சிறிசானால் எண்ணிக்கை கூடத்தானே செய்யும்? 68 என்று வந்தது. அதை நாம் 5 வோல்ட் படி என்று நினைத்துக் கணக்குப் போட்டோம். 68 × 5 ÷ 1024 = 0.332. ஆக 33.2 டிகிரி. சரியான படியைப் போட்டால் 68 × 4.65 ÷ 1024 = 0.309. ஆக 30.9 டிகிரி. சுவர் வெப்பமானியோடு ஒத்துப்போய்விட்டது.

சிப் பொய் சொல்லவில்லை. சென்சாரும் பொய் சொல்லவில்லை. "எந்தப் படி?" என்று நாங்கள் கேட்கவில்லை. என் அம்மா கடையில் முதலில் கேட்பதே அதைத்தான். பட்டணம் படியா, சின்னப் படியா? ஊருக்கு ஊர் படி வேறாக இருந்த காலம். அதனால்தான் 1956ல் எடை அளவைச் சட்டம் வந்து, மெட்ரிக் முறை நாடு முழுக்கப் பொதுவானது.

இதில் இன்னொரு வேடிக்கை. இந்தக் கணக்கில் 1023 ஆல் வகுக்க வேண்டுமா, 1024 ஆல் வகுக்க வேண்டுமா என்று பெரிய சர்ச்சையே நடக்கிறது. ஆர்டுயினோவின் உதாரண புரோகிராமில் 1023. சிப் தயாரிப்பாளர் தரும் கையேட்டில் 1024. 0 முதல் 1023 வரை எண்ணினால் மொத்தம் 1024 படிகள், ஆகவே கையேடு சொல்வதே முறை. ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு. 5க்கும் 4.65க்கும் வித்தியாசமோ நூற்றுக்கு ஏழு. சிறிய தப்பைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறோம், பெரிய தப்பு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

தீர்வும் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. 1.1 வோல்ட் என்று உள்ளுக்குள் ஒரு தனிப் படி உண்டு. வெளியே மின்சாரம் ஏறி இறங்கினாலும் அது அவ்வளவாக அசையாது. ஆனால் கையேட்டைப் பார்த்தால், அது சிப்புக்கு சிப் 1.0 முதல் 1.2 வரை எதுவாகவும் இருக்கலாம் என்கிறது. ஆகவே ஒருமுறை நம் சிப்பில் அது எவ்வளவு என்று நல்ல மீட்டரால் அளந்து, அந்த எண்ணைப் புரோகிராமில் எழுத வேண்டும். பேத்தி அப்படிச் செய்தாள். இப்போது எதில் செருகினாலும் ஒரே அளவு.

அவள் ஊருக்குப் போய்விட்டாள். எனக்கு மட்டும் பழைய விஷயம் ஒன்று கிளம்பிவிட்டது.

1990களில் நான் ஐந்தாம் வகுப்புக்கு அளவுகள் நடத்திக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் ஒரே நீளத்தில் காகிதப் பட்டை கொடுத்து அளக்கச் சொன்னேன். எல்லோரும் 14 செ.மீ. என்றார்கள். ஒரு பையன் மட்டும் 15. மறுபடி அளக்கச் சொன்னேன். மறுபடியும் 15. "ஸ்கேல்ல 15ன்னுதான் சார் இருக்கு" என்றான். எதிர்த்துப் பேசுகிறான் என்று எனக்குக் கோபம். வகுப்பு முடியும்வரை பெஞ்சு மேல் நிற்க வைத்தேன்.

சாயங்காலம் அவன் ஸ்கேல் என் மேசையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். முதல் ஒரு சென்டிமீட்டர் உடைந்துபோயிருந்தது. அண்ணன்களிடமிருந்து வந்த ஸ்கேலாக இருக்கும். அவன் முனையில் வைத்து ஒழுங்காக அளந்திருக்கிறான். கண்ணால் கண்டதை மாற்றாமல் சொல்லியிருக்கிறான். நான்தான் ஸ்கேலைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்தேன்.

மறுநாள் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாத்தியார் தப்பு என்று வகுப்பு முன்னால் ஒத்துக்கொள்ள அன்று எனக்கு மனம் வரவில்லை. ஸ்கேலை மட்டும் அவன் பையில் வைத்துவிட்டேன். இப்போது அவனுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும்.

விஞ்ஞானிகள் இந்த விஷயத்தில் என்னைவிட நேர்மையானவர்கள். வெஸ்டன் மின்கலத்தையும் அவர்கள் கண்மூடி நம்பிக்கொண்டிருக்கவில்லை. 1962ல் பிரையன் ஜோசப்சன் என்ற 22 வயது ஆராய்ச்சி மாணவர் மீக்கடத்திகளில் நடக்கும் ஒரு விளைவைக் கணித்தார். அதன்படி மின்னழுத்தத்தை அதிர்வெண்ணோடு நேரடியாகக் கட்டிவிடலாம். 1990ல் வோல்ட்டின் நடைமுறை நியமம் மின்கலத்தை விட்டு அதற்கு மாறியது. 2019 மே 20 முதல் அது இயற்கையின் மாறிலிகள் மீதே நிற்கிறது. உடையவோ, தேயவோ, ஊருக்கு ஊர் மாறவோ முடியாத படி.

பள்ளியில் இப்போது பாடம் நடத்தும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளையின் விடை மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் அவன் கையில் உள்ள ஸ்கேலை வாங்கிப் பாருங்கள்.

அந்த மாணவன் எப்படியாவது இதைப் படிக்க நேர்ந்தால்: தம்பி, அன்று நீ அளந்தது சரி.